சத்தார் அகே எழுதாத புத்தகம்

அக்தெரெக் நகரத்தில் அறிவுநூல் பேரவை என்று ஒன்று இருக்கிறது. பண்பாடு, சமயம், ஊடகம் ஆகிய துறைகளில் வரும் கட்டுரை நூல்களில் சிறந்தவற்றை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து மாகாண நூலகங்களுக்கெல்லாம் அனுப்பிவைப்பது அதன் வேலை. தேர்வு பலவகைப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒருமுறை தேர்வான நூல்கள் எல்லாமே பச்சை அட்டையாக அமைந்துவிட, பலவகை எங்கே என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. அன்றிலிருந்து பேரவை உஷாராகிவிட்டது. ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு மஞ்சள், ஒரு தடிமன், ஒரு ஒல்லி என்று இப்போது பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள்.

இந்தப் பேரவையின் மாடிப்படிகளில்தான் ஜுமாலி அந்த வசந்தம் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

அவன் உள்ளூர் வானொலியின் அறிவிப்பாளன். மாலை ஆறரைக்கு, வானிலைக்கு முன்னால், அன்றைக்கு இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பான். யார், யாருடைய பிள்ளை, எப்போது அடக்கம் என்பதோடு சரி. அக்தெரெக்கில் மரணம் என்பது ஆறரைக்குத்தான் உறுதியாகும். மருத்துவர் சொல்லி நம்பாதவர்கள்கூட ஆறரைக்குக் காதில் விழுந்துவிட்டால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு துக்க வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கேட்டும் போகாதவனை அந்த ஊர் மன்னித்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் அந்தத் தாளில் அவனுடைய அப்பாவின் பெயரும் இருந்தது. அப்பா காலையில் போனார். வாசிக்க மாற்று ஆள் இல்லை, மாலையில் அவனே நிலையத்துக்குப் போனான். மூன்றாவது பெயராக, குரல் பிசகாமல் வாசித்துவிட்டு, நாளை லேசான மழைக்கு வாய்ப்பு என்றான். நிலையத்தில் எல்லோரும் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் அவனைப் பிடித்து ஆட்டியது. அதற்குப் பிறகு அவனுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. தான் வாசித்த பெயர்களைத் தேடிக்கொண்டு வீடு வீடாகப் போனான். வானொலியில் பெயர் வந்த நொடியில் அந்த வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள், எப்படி அழுதார்கள், முல்லா என்ன சொன்னார், அண்டை வீட்டுக்காரி என்ன சமைத்தாள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினான். வாசித்த வேகத்துக்குப் பரிகாரமாக ஒவ்வொரு பெயரையும் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவன் எண்ணம். ‘ஆறரை மணிப் பெயர்கள்’ என்று நீல அட்டை போட்டுப் புத்தகமாக வந்தது.

அச்சான பிரதிகள் வீட்டு நடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. உள்ளே போக வேண்டுமென்றால் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் போக வேண்டும்.

"செத்தவங்களை எல்லாம் ஊர் ஒருதடவை புதைச்சாச்சு. நீங்க தோண்டி எடுத்து நம்ம நடையில கிடத்தியிருக்கீங்க," என்றாள் அவன் மனைவி சைராகுல்.

"பேரவை எடுத்துக்கிட்டா எல்லா நூலகத்துக்கும் போயிடும். கொஞ்சம் பொறு."

"உங்க பேரவை எடுக்கறதுக்குள்ள உங்க பேரே ஆறரைக்கு வந்துடும்."

முதலில் பண்பாட்டுப் பிரிவுக்குப் போனான். பிரிவுத் தலைவி அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"நீலம் நல்லா இருக்கு. ஆனா சாவுன்னா அது சமயம்ல? மாடிக்குப் போங்க."

மாடியில் சமயப் பிரிவுத் தலைவர் புத்தகத்தைக் கையில் வாங்கவே இல்லை. "வானொலின்னு போட்டிருக்கீங்களே தம்பி. அது ஊடகம். அதுவுமில்லாம இதுல பொம்பளைங்க ஓலம் வச்சு அழறதெல்லாம் வருதாமே. அது மார்க்கத்துல இல்லாதது."

ஊடகப் பிரிவு அடுத்த கட்டடத்தில் இருந்தது. அங்கே இருந்தவர் இளைஞர். மேசைமேல் மூன்று கைபேசிகள். "அழுகை பண்பாடுங்க. நாங்க அழுகையைத் தொடறதில்ல," என்றார்.

ஜுமாலி மறுபடி கீழே வந்தான். மறுபடி மேலே போனான். தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி அதன் விளிம்பே நைந்துபோயிற்று. கடைசியில் மூன்று பிரிவும் சேர்ந்து இறங்கிவந்து ஒரு வழி சொன்னார்கள். கடவுளும் வானொலியும் வராத பக்கங்களைப் பண்பாடு ஏற்கும். அழுகை வராத பக்கங்களைச் சமயம் ஏற்கும். இறந்தவர்கள் வராத பக்கங்களை ஊடகம் ஏற்கும். மூவருக்கும் ஒத்துவரும் பக்கங்கள் எவையென்று பார்த்தபோது அச்சகத்தின் முகவரியும் அதற்கு முன்னால் இருந்த வெற்றுப் பக்கமும் தேறின.

"நல்ல தொடக்கம்," என்றார் பண்பாட்டுத் தலைவி.

அவன் நேரே தலைவரிடம் போனான். பேரவைத் தலைவர் ஓரோஸ்பாய் தைலாகோவிச், அதாவது தைலாக்கின் மகன், அகலமான மனிதர். அவரே ‘சிந்தனைச் சிகரங்கள்’ என்னும் நூலின் ஐந்து பாகங்களுக்கு ஆசிரியர். ஐந்தும் அந்தந்த ஆண்டில் பேரவையால் முதலிடத்துக்குத் தேர்வானவை. அவருக்குப் பின்னால் சுவர் நிறையப் புத்தகங்கள் இருந்தன. எதன் முதுகிலும் மடிப்பு விழுந்திருக்கவில்லை.

"தலைவரே, எந்தக் குறை வேணா இருக்கட்டும். ஒருதடவை படிச்சுப் பாருங்க. அதுல உங்க அம்மா..."

தலைவர் கையை உயர்த்தினார். "உள்ள என்ன இருக்குன்னு என்கிட்ட சொல்லக் கூடாது. நாங்க எந்தப் புத்தகத்தையும் படிக்கறதில்ல தம்பி. படிச்சா ஏதாவது ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவோம். இது பிடிச்சிருக்கு, அது பிடிக்கலைன்னு மனசு அலைபாயும். பேரவைக்கு நடுநிலைதான் உயிர். இருபது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன், ஒரு பக்கம்கூடப் புரட்டினதில்ல. எம்மேல யாராவது ஒரு சொல் சொல்ல முடியுமா?"

"முடியாது தலைவரே."

"விருந்துக்கு வாங்க. எல்லாம் அங்கதான் முடிவாகும்."

பேரவையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டெடுத்தால் மனஸ்தாபம் வரும் என்று அதை நிறுவியவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் ஆட்டை அறுத்து, வேகவைத்து, எலும்போடு பங்கிடுவார்கள். இடுப்பெலும்பு யார் கைக்குப் போகிறதோ அவர் நூல் முதலிடம். தொடையெலும்பு இரண்டாமிடம். தோள்பட்டை மூன்றாமிடம். ஊரில் எந்த வீட்டு விருந்திலும் எலும்பு வயதுப்படி போகும், இருப்பவர்களில் மூத்தவருக்கு இடுப்பு. பேரவையில் மட்டும் பதவிப்படி போகும். பங்கிடுகிற ஆளின் காதில் முன்கூட்டியே வரிசையைச் சொல்லிவிடுவார்கள்.

அந்த வருடம் வழக்கமாகப் பங்கிடுகிறவர் முதுகுவலி என்று படுத்துவிட்டார். வெளியிலிருந்து வந்த எழுத்தாளர் ஒருவராவது புகைப்படத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அழைக்கப்பட்டிருந்தவன் ஜுமாலி. இருந்தவர்களில் இளையவனும் அவன்தான். பங்கிடும் வேலையை அவனிடம் விட்டு, தோளில் துண்டைப் போட்டு, கை கழுவ நீர் ஊற்றும் செம்பையும் கொடுத்துவிட்டார்கள். வரிசையைச் சமயம் சொல்லியிருக்கும் என்று பண்பாடு நினைத்தது, ஊடகம் சொல்லியிருக்கும் என்று சமயம் நினைத்தது, ஊடகம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆவி பறக்கிற தட்டு வந்த நேரத்தில்தான் தலைவரின் காரோட்டி சத்தார் அகே, தலைவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். விரித்த விரிப்பின் முன்னால் வந்துவிட்டவரை யாரும் உட்காராமல் அனுப்ப மாட்டார்கள். வாசலோரமாக ஒரு இடம் ஒதுக்கினார்கள்.

ஜுமாலி எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். சத்தார் அகேவின் தாடி பஞ்சாக வெளுத்திருந்தது. தலைவருக்கே அவர் வயதில் மூத்தவர், ‘அகே’, அதாவது அண்ணன். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு எதையாவது கேட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று மாத அலைச்சலில், தான் செய்யத் தெரிந்த ஒரு காரியம் கிடைத்த நிம்மதியோடு, இடுப்பெலும்பை எடுத்து இரண்டு கையாலும் சத்தார் அகேவிடம் கொடுத்தான்.

"நீண்ட ஆயுசு தம்பி," என்று சத்தார் அகே வாங்கிக்கொண்டார்.

கையில் கொடுத்த எலும்பைத் திரும்ப வாங்குவது ஏழு தலைமுறையை ஏசுவதற்குச் சமம். அதற்குள் குறிப்பெடுக்கும் பெண் எழுதியும் விட்டாள். தலைவர் நீட்டத் தயாராக வைத்திருந்த கைகளை மெல்ல மடக்கி, தாடையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"தோழர்களே, பேரவை முடிவு செய்தாகிவிட்டது. முதலிடம் சத்தார் அகேவின் நூலுக்கு. அவர் நூல் எதுவும் எழுதாமல் இருந்திருக்கலாம். அது அவருடைய தவறு. பேரவை தவறு செய்வதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். சத்தார் அகே எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுவதா சாப்பிடுவதா என்று தெரியாமல் விழித்தார். கடைசியாக ஜுமாலிக்குத் தட்டில் மிஞ்சிய ஒரு கழுத்துத் துண்டு வந்தது. அதற்கு இடமெல்லாம் கிடையாது.

அடுத்த வாரமே மதிப்புரைகள் வந்துவிட்டன. சத்தார் அகேவின் நூலில் மண்ணின் மணம் வீசுவதாகப் பண்பாட்டுப் பிரிவு எழுதியது. ஆட்சேபிக்கத்தக்க வரி ஒன்றுகூட இல்லை, இப்படியொரு நூலைப் பார்த்ததில்லை என்று சமயப் பிரிவு நெகிழ்ந்தது. சொற்சிக்கனத்தை ஊடகப் பிரிவு பாராட்டியது. பள்ளிக்கூடங்களில் அதைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு மலையடிவார நூலகம் மட்டும் புத்தகத்தை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டுவிட்டது.

தலைவர் ஜுமாலியைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை தேநீர் கொடுத்தார்.

"இந்த வருஷம் நீலத்துல ஒண்ணும் அமையல தம்பி. உங்க புத்தகம் நீலம். உள்ள ஒரு எழுத்தைக்கூட மாத்தப் போறதில்ல. அட்டையில மட்டும் சத்தார் அகே பேர். எல்லா நூலகத்துலயும் இருக்கும். அதுதானே நீங்க கேட்டது?"

"எழுதினது நான் தலைவரே."

"எழுதறது யாரு வேணா எழுதலாம். தேர்வாகறதுதான் கஷ்டம். யோசிங்க, தினமும் அடுத்தவங்க பேரையே படிக்கற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு பேரு?"

அது அவன் நெஞ்சில் சரியாகப் போய்த் தைத்தது. பேசாமல் எழுந்து வந்தான். பேசாமல் வந்ததைப் பேரவை சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிட்டது.

வீட்டு வாசலில் சத்தார் அகே காரோடு காத்திருந்தார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"தம்பி, சாலையில இருக்கற பலகையைத் தவிர நான் ஒண்ணும் படிச்சதில்ல. எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன். நல்ல நடைன்னு ஊடகப் பிரிவு எடுத்து வச்சுக்கிட்டாங்க. அடுத்த வருஷத் தேர்வுக்காம்."

"நீங்க என்ன அகே பண்ணுவீங்க? கொடுத்தது நான்தானே."

"கொடுத்தது நீ, சரியாத்தான் கொடுத்தே. உக்காந்திருந்தவங்க சரியில்ல."

ஜுமாலி உள்ளே போய் நடையில் நின்றான். உட்கார்ந்தான். எழுந்தான். ஒரு கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்து அப்பாவின் பக்கத்தைத் திறந்தான், மூடினான். அந்தப் பக்கத்தில் இருப்பவர் இனி காரோட்டியின் அப்பா என்றல்லவா ஆகிவிடுவார். கோபத்தில் அவனுக்குக் காது சுட்டது. ஆறு மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு நடந்தான், பாதி வழி ஓடினான்.

அன்று ஆறரைக்கு அக்தெரெக் கேட்ட செய்தி இது: "எழுத்தாளர் ஜுமாலி, ‘ஆறரை மணிப் பெயர்கள்’ நூலின் ஆசிரியர், இன்று மாலை அறிவுநூல் பேரவைத் தலைவரின் அறையில் தேநீர் அருந்தும்போது காலமானார். துக்கம் விசாரிப்பவர்கள் நாளைக் காலை அவர் வீட்டுக்கு வரலாம். நாளை வானம் தெளிவாக இருக்கும்."

குரல் பிசகவில்லை.

அவன் வீடு திரும்புவதற்குள் அண்டை வீட்டு ஆண்கள் முற்றத்தில் துக்கக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் உயிரோடதான் இருக்கேன்," என்றான் ஜுமாலி.

"தெரியுது. வாசிச்சதே உங்க குரல்தானே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர், முளையை அடித்தபடி. "அதுக்காக ஆறரைக்குச் சொன்னப்புறம் வராம இருக்க முடியுமா? அந்தக் கயித்தைப் பிடிங்க."

சைராகுல் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "உயிரோட நிக்கற மனுஷனுக்கு நான் எப்படி ஒப்பாரி வைக்கறது? வெட்கமா இல்ல உங்களுக்கு? சொன்ன நாக்கு அழுகாதா?"

"செத்தது நான் இல்ல சைரா. எழுதினவன்."

அவள் கரண்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கறுப்புத் துணியைத் தேடினாள்.

காலையில் ஊரே திரண்டது. ஆடுகள் வந்தன. கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாட, சைராகுல் முன்னெடுத்தாள். வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடாதவனே, என் கம்பளத்தை விட்டு அடுத்தவர் கண்ணீரைத் தேடிப் போனவனே, நடையை அடைத்துவிட்டுப் போனவனே என்று அவள் பாடியதில் சொந்தக் குறைகளே நிறைய இருந்தன. ஆனால் பாதியில் அவள் நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். வெளியே, இறந்தவருக்கு நெருங்கிய ஆண் என்ற முறையில் ஜுமாலி இடுப்பில் கச்சை கட்டி, கோலில் சாய்ந்து நின்று வருகிறவர்களைக் கட்டித் தழுவிக்கொண்டிருந்தான்.

"நல்ல மனுஷன்," என்றார்கள் அவனிடம்.

"ஆமா," என்றான் அவன்.

பத்து மணி வாக்கில் பேரவையின் கார் வந்தது. தலைவர் வானொலி கேட்கிறவர் இல்லை. எழுத்தாளர் ஜுமாலி வீட்டில் துக்கம் என்று சத்தார் அகே சொன்னதோடு சரி, இறந்தது எழுத்தாளனே என்று தலைவர் எடுத்துக்கொண்டார். எழுத்தாளன் இறந்தால் பேரவை போய்ப் பேச வேண்டும். போனவர்களைப் பற்றி எவ்வளவு நல்லது சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை, அவர்கள் எதற்கும் போட்டிக்கு வரப்போவதில்லை. வழக்கப்படி ஆண்கள் தெருவிலிருந்தே சத்தமாக அழுதுகொண்டுதான் துக்க வீட்டுக்குள் நுழைய வேண்டும். மூன்று பிரிவும் பின்தொடர, தலைவர் மார்பில் அடித்துக்கொண்டு வந்தார். அவருடைய குரல் மேடைக் குரல். கடைசி வீடுவரை கேட்டது.

"ஐயோ என் தம்பி, என் சிங்கமே. ‘ஆறரை மணிப் பெயர்கள்’ என்னும் ஒப்பற்ற நூலை எழுதிவிட்டுப் போய்விட்டாயே. உன் எழுத்துக்கு ஈடாக இந்த மாகாணத்தில் எவன் எழுதினான்? நான் எழுதினேனா? என் ஐந்து பாகத்தையும் சேர்த்தால் உன் ஒரு பக்கம் ஆகுமா? உயிரோடு இருந்தபோது உன்னைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு வழியில்லாமல் போயிற்றே."

முற்றம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியபடியே முதலில் நின்றவனை இறுகத் தழுவி, தோளில் முகம் புதைத்து அழுது முடித்து, நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க தலைவரே," என்றான் ஜுமாலி.

தலைவரின் முகத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி இறங்கியது. ஆனால் அவர் இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர். ஜுமாலியின் காதருகே குனிந்தார்.

"மறைந்தவர்கள் நூலுக்கு எங்ககிட்ட தனி இடம் இருக்கு. உங்க பேர்லயே போட்டுடலாம். கொஞ்ச நாளைக்கு இப்படியே இருந்துக்குங்க தம்பி."

"தினமும் ஆறரைக்கு நான் வாசிக்கணுமே தலைவரே."

அதற்குள் அடுத்தவர் தழுவக் காத்திருந்தார். தலைவர் நகர வேண்டியதாயிற்று.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுத் துணி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும், வெறுங்கையோடு அனுப்பினால் இறந்தவருக்கு ஆகாது. சைராகுலிடம் இவ்வளவு பேருக்குத் துணி இல்லை. வாசலில் நின்று யோசித்தவள் திரும்பி நடையைப் பார்த்தாள். கத்தியை எடுத்து முதல் கட்டின் கயிற்றை அறுத்தாள்.

வாங்கியவர்கள் யாரும் கிளம்பவில்லை. ஆட்டுக்கொட்டில் சுவரிலும் வண்டிச் சக்கரத்திலும் சாய்ந்து நின்று, அவரவர் வீட்டுப் பெயரைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு பெண் தன் மகன் பெயரை விரலால் தொட்டுச் சத்தமாக வாசித்தாள். அப்புறம் இன்னொருவர். ஜுமாலி ஆறரைக்கு ஓட்டமாகச் சொல்லிவிட்டு வானிலைக்குப் போன பெயர்கள் எல்லாம் அந்த முற்றத்தில் மெதுவாகக் கேட்டன. அவன் கோலைக் கீழே வைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் புத்தகத்தைப் புரட்டி, "இந்தாங்க, உங்க அப்பா," என்று நீட்டினார். வாசிக்க வாயைத் திறந்தான். முதல் எழுத்திலேயே குரல் உடைந்துவிட்டது. அவன் அதைச் சரிசெய்ய முயலவில்லை.

சைராகுல் தலைவரிடமும் ஒரு பிரதியை இரண்டு கையாலும் நீட்டினாள். துக்க வீட்டில் கொடுப்பதை மறுக்க முடியாது. அவர் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று காருக்கு நடந்தார். பிரிவுத் தலைவர்கள் மூவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சத்தார் அகே கதவைத் திறந்து பிடித்திருந்தார். தலைவர் ஒரு காலை உள்ளே வைத்தவர், என்ன நினைத்தாரோ, யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு புத்தகத்தைக் கொஞ்சமாகப் பிரித்தார். விரல் பெயர்களின் மேல் ஓடி, ஒரு இடத்தில் நின்றது. தைலாக்கின் மனைவி ஊல்ஜான். ஒரு குளிர்கால மாலையில் வானொலி அவள் பெயரைச் சொன்னபோது, எதிர்வீட்டுக்காரி ரொட்டி மாவைப் பாதியில் விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து அவளுடைய பசுவைக் கறந்தாள் என்று எழுதியிருந்தது. மகன் தலைநகரில் ஏதோ ஒரு விழாவில் இருந்தான், வர இரண்டு நாளாயிற்று என்றும் எழுதியிருந்தது.

தலைவர் வைத்த காலை வெளியே எடுத்தார். காரில் சாய்ந்து நின்றார். உள்ளிருந்து ஊடகப் பிரிவு, நேரமாகிறது என்றது.

"பார்த்துங்க தலைவரே," என்றார் சத்தார் அகே, கதவைப் பிடித்தபடி, தணிந்த குரலில். "ஏதாவது ஒரு பக்கம் சாய்ஞ்சிடப் போறீங்க."

தலைவர் பக்கத்தைத் திருப்பினார்.